ஆறடி உடம்பில் என் தலை

வேன் கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஐந்தடுக்கு டிபன் கேரியர். அதைப் பிடித்திருந்த கை கோதண்டம் மாமாவுடையது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள். யாருடைய துண்டாவது உள்ளே விட்டுப் போயிருக்கிறதா என்று சீட்டுகளைப் பார்த்துவிட்டு, கடைசியாக அப்பா இறங்கினார்.

இடம், கடலூரில் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்க வாசல். காலை ஒன்பது மணி இருக்கும். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் வாலிபால் போட்டி. சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் அணி வாசலில் நின்று கை காலை உதறிக்கொண்டிருந்தது. நான் அப்போது முதலாம் ஆண்டு.

அந்தப் பதினோரு பேரும் அப்பாவோடு நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து, குளித்து, மந்தாரக்குப்பத்தில் வேன் ஏறி, குள்ளஞ்சாவடியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்திருந்தார்கள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நிலக்கரித் தூள் இமையோரத்தை விட்டுப் போகாது. மை தீட்டிய கண்களோடு பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள்.

"உங்க ஊர்ல ஆம்பளையாளுவ எல்லாம் மை போடுவாவளா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. தூத்துக்குடிக்காரி. விடுதியில் என் அறைத் தோழி. எங்கள் அணியில் பந்தை அடிக்கிறவள்.

நான் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அந்த வருடம் முழுக்க அப்பாவிடம் நான் சொல்லியிருந்தது இதுதான்: அணியில் முக்கியமான அடி எல்லாம் நான்தான் அடிக்கிறேன். நடந்தது என்னவென்றால், அந்த வருடம் எந்தப் போட்டியிலும் நான் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் இந்தப் பன்னிரண்டு பேரும் அதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கப் போகிறார்கள்.

நெட்டை

இந்தத் தொடரில் சென்ற வாரம், எங்கள் பள்ளி மாவட்டக் கோப்பை வாங்கியதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அப்புறம் இந்திய அணியில் எத்தனை ஆண்டுகள் ஆடினீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆடவில்லை. அவர் மேற்கொண்டு படிப்பாரா என்று தெரியவில்லை. படித்தால் நல்லது.

டவுன்ஷிப்பில் நான் படித்த பள்ளியில் ஐந்தடி ஆறு அங்குலம் என்பது பெரிய சங்கதி. எனக்குப் பெயரே நெட்டைதான். சுவரில் சார்ட் ஒட்ட வேண்டுமா, ஃபேனில் சிக்கிய பட்டத்தை எடுக்க வேண்டுமா, "அந்த நெட்டையைக் கூப்பிடு" என்பார்கள். வகுப்பு நேரத்தில் பாதி இப்படியே கழிந்தது. படிப்பு வராததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் பள்ளி அணிக்கு ஒரே ஒரு திட்டம்தான். பந்தைத் தூக்கிப் போடு, அமுதா அடிப்பாள். தூக்கிப் போட்டார்கள், நான் அடித்தேன். ஐந்து வருடம் இப்படிப் போனது. பின்னால் விழுகிற பந்தைக் குனிந்து எடுக்க வேறு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர்களைப் பரிசளிப்பு விழாவில் சேர்த்து ஒரே மூச்சில் படிப்பார்கள். குனிவது என் வேலை இல்லை என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

மாவட்டப் போட்டியில் என்னைப் பார்த்த ஒரு சென்னைக் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொன்னது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாப்பா, இது பர்மனென்ட்டா?"

பர்மனென்ட்

எங்கள் பக்கத்தில் எதைப் பற்றியும் முதலில் கேட்பது இதைத்தான். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள். வாடகைக்கு வந்த குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். நெய்வேலியில் மனிதர்கள் இரண்டு வகை. ஒன்று பர்மனென்ட், இன்னொன்று கான்ட்ராக்ட். பர்மனென்ட்டுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வேப்பமரம், அகலமான தெரு. கான்ட்ராக்டுக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. நாங்கள் மந்தாரக்குப்பம்.

நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழேதான் அப்பாவுக்கு வேலை. பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரி மறுபடியும் மேலே போட வேண்டும். மறுநாளும் சிந்தும், மறுநாளும் வாரிப் போடுவார்.

அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது அவர், "அடுத்த லிஸ்ட்ல பர்மனென்ட் ஆயிடும்" என்று சொல்லியிருக்கிறார். வெறும் வாய்ச்சொல்லாக இல்லை, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாராம். நான் கல்லூரிக்குப் போகும்போது அது பத்தொன்பது வருடத்துப் பேச்சு. வீட்டில் பருப்பு தீய்ந்தால்கூட அம்மா, "அடுத்த லிஸ்ட்ல நல்லா வெக்கறேன்" என்பாள். அப்பா அந்தப் பருப்பையே இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அப்பா வேலை செய்த இடத்தில் தலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். மஞ்சள் ஹெல்மெட் என்றால் தொழிலாளி. வெள்ளை என்றால் ஆபீசர். மஞ்சளுக்கு நடுவே ஒரு வெள்ளை தூரத்தில் தெரிந்தாலே உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்துவிடுவார்கள். முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். சீட் பர்மனென்ட்டா? இல்லை. ஆண்டுக்கு ஆண்டு பார்ப்பார்கள். ஒரு வருடம் முழுக்க அணிக்குப் பயன்படாதவள் அடுத்த வருடம் விளையாட்டு விடுதியில் இருக்க முடியாது. கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். நான் படித்தேன்.

"ஆமாப்பா, பர்மனென்ட்தான்" என்றேன்.

நானாவது, பயன்படாமல் போவதாவது என்று நினைத்துக்கொண்டேன்.

ஃப்ளெக்ஸ்

கிளம்புவதற்கு முதல் நாள் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஏற்பாடு கோதண்டம் மாமா. அவர் அப்பாவுக்கு உறவு இல்லை, ஷிஃப்ட்தான். பத்து வருடம் ஒரே பெல்ட்டுக்குக் கீழே நின்றால் மாமா ஆகிவிடுவார்கள்.

"சரித்திரம் படைக்கச் சென்னை செல்லும் எங்கள் மண்ணின் மகளே!" என்று மேலே. கீழே வாழ்த்தும் நெஞ்சங்கள் பதினோரு பேர், பாஸ்போர்ட் படத்தோடு. நடுவில் நான்.

நான் என்று முழுதாகச் சொல்ல முடியாது. விளையாடுகிற மாதிரி என் படம் எதுவும் அவர்களிடம் இல்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இணையத்திலிருந்து எங்கேயோ ஒரு வெளிநாட்டுப் பெண் எகிறி அடிக்கும் படத்தை எடுத்து, அவள் கழுத்துக்கு மேல் என் பள்ளி அடையாள அட்டைத் தலையை ஒட்டியிருந்தார். அவள் ஆறடிக்குக் குறைய மாட்டாள். கை கால் எல்லாம் சுண்ணாம்பு நிறம். நிறம் ஒட்டவில்லை என்று கோதண்டம் மாமா சொன்னதும், கடைக்காரர் கையைக் கறுப்பாக்காமல் என் முகத்தை வெளுப்பாக்கிவிட்டார்.

பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு அம்மாள் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். "உங்க அக்காவா?" என்று கேட்டாள்.

பதிமூன்றாவது ஆள்

கல்லூரியில் முதல் நாள் கோச் மேடம் உயர வரிசையில் நிற்கச் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. தோளைத் தொட்டு அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். பிறகு அதற்கடுத்த இடத்துக்கு. நான் ஒவ்வொருத்தியின் தாடையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். பதினான்கு பேரில் பதிமூன்றாவதாக நிறுத்தினார். பதினான்காவது பெண் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர், அவளுக்கு உயரம் தேவையில்லை.

அன்று விடுதியில் பேச்சுவாக்கில் ஃப்ளெக்ஸைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் அவரவர் ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு இரண்டு. ஒருத்திக்கு வைத்ததில் வட்டச் செயலாளர் படம் பெரிதாகவும் அவள் படம் ஓரத்தில் சின்னதாகவும் இருந்ததாம், அதை இன்னும் மறக்க முடியவில்லை என்றாள்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தடி பதினொரு அங்குல ஸ்டெல்லா கட்டிலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு தூங்கினாள்.

முதலாம் ஆண்டுக்கு என்று வேலைகள் உண்டு. தரை துடைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, பந்துப் பையைச் சுமப்பது. சீனியர்கள் அடித்துப் பழகும்போது பின்னால் நின்று பந்து பொறுக்குவது. நான் பொறுக்கினேன். நாட்கள் மாதங்களாயின. பந்து பொறுக்குவதில் எனக்கு இணையே இல்லாத நிலை வந்தது.

ஸ்டெல்லா அடித்தவை

முதல் போட்டி முடிந்த மாலை அப்பா போன் செய்தார்.

"எத்தினி அடிச்ச பாப்பா?"

பின்னால் வேன் இரைச்சல் கேட்டது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். பதினோரு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியும். நான் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டதை அந்த வேனுக்குள் எப்படிச் சொல்வது?

"ஆறுப்பா."

"ஆறாம்!" என்று அப்பா வேனைப் பார்த்துச் சொன்னது கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள்.

ஆறு என்பது கற்பனை இல்லை. அன்று ஸ்டெல்லா அடித்தது ஆறு. எண்ணிக்கை சரி, ஆள் மட்டும் வேறு. அடுத்த போட்டியில் ஒன்பது. அதற்கடுத்தது பதினொன்று. ஸ்டெல்லா நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். இரட்டை இலக்கம் வந்ததும் கோதண்டம் மாமா வேனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததாக அம்மா சொன்னாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் இல்லை. அப்பாடா என்று இருந்தது. கோதண்டம் மாமா வீட்டுக்குப் பொங்கல் வாங்கப் போனேன். அங்கே ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருந்தது. ஆறடி உடம்பு அப்படியே, என் வெளுத்த முகத்தோடு. கீழே நான்கு ஆடுகள் நனையாமல் நின்றன.

"மழைல கூட சாயம் போவல பாரு. நல்ல மெட்டீரியலு" என்றார் மாமா. "அடுத்ததுக்கும் அவங்கிட்டதான் குடுக்கணும்."



எடு

பந்து பொறுக்குவதில் ஒரு கஷ்டம் உண்டு. தவறவிட்ட பந்து அரங்கத்தின் கடைசி மூலைக்கு உருண்டுவிடும். ஓடிப் போய் எடுத்து வர வேண்டும். எனக்கு ஓடச் சோம்பல். அதனால் பந்து தரையில் படுவதற்கு முன்பே குனிந்து முன்கையில் வாங்கி, பக்கத்திலேயே விழ வைத்துவிடுவேன். ஸ்டெல்லாவின் அடியைக்கூட இப்படி வாங்கப் பழகிவிட்டேன். முன்கை இரண்டும் சிவந்து கிடக்கும், ஆனால் ஓட வேண்டாம்.

கோச் மேடம் பிப்ரவரி வாக்கில் ஒருநாள் இதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அமுதா, நீ இனிமே அடிக்காதே. எடு" என்றார்.

அதாவது என்னை லிபரோ ஆக்கினார். தெரியாதவர்களுக்காக: லிபரோ பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவள். எதிரணி அடிக்கிற பந்து தரையில் விழாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். வலைக்கு மேலே எகிறி அடிக்கக் கூடாது. சர்வீஸ் போடக் கூடாது. உயரமான ஒருத்தி பின்வரிசைக்கு வரும்போது அவளுக்குப் பதிலாக உள்ளே போவாள், முன்வரிசை முறை வந்ததும் வெளியே வந்துவிடுவாள். போக வர நடுவரிடம் கேட்க வேண்டியதில்லை. அடையாளம் தெரிவதற்காக அவளுக்கு மட்டும் வேறு நிறச் சட்டை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வருத்தம் மட்டும் இல்லை, அவமானம். ஒரே மூச்சில் பெயர் படிக்கப்படுகிற பெண்களில் ஒருத்தியாகிவிட்டேன் என்று அழுதேன்.

இப்போது நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மே மாதம் ஆனால் பெற்றோர் வருவார்கள். பெண்ணுக்கு ஏதோ ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். "அங்க போனதும் கேப்டன் ஆக்கிடுவாங்களா மிஸ்?" என்பார்கள். அங்கே இருக்கிற பதினான்கு பேரும் அவரவர் ஊரில் உங்கள் பெண்தான் என்று சொல்வேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு ஃப்ளெக்ஸில் போட என் போட்டோ ஒன்று கேட்பார்கள். நான் கொடுத்துவிடுவேன்.

வெள்ளை

கடலூருக்கு வருகிறேன்.

உள்ளே போவதற்கு முன் கோச் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னைக்கு முழு மேட்ச்சும் நீதான் லிபரோ. அடுத்த வருஷத்துக்கு உன்னை வெச்சுக்கறதா வேணாமான்னு இதைப் பார்த்துதான் சொல்லுவேன்" என்றார். பிறகு சட்டையைக் கொடுத்தார். மற்றவர்களுக்கு மஞ்சள். எனக்கு வெள்ளை.

கேலரியில் பன்னிரண்டு பேரும் இரண்டாவது வரிசையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்ததும் அவர்களிடம் சத்தம் சட்டென்று நின்றது. கோதண்டம் மாமா அப்பாவின் தொடையில் தட்டினார்.

முதல் செட்டில் பந்து என் பக்கம் வரும்போதெல்லாம் "அடி பாப்பா! அடி!" என்று கத்தினார்கள். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெல்லா அடித்தாள். மறுபடி "அடி பாப்பா!" மறுபடி நான் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கத்தல் குறைந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். போச்சு, கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த யோசனையில் ஒரு பந்தைத் தரையில் விட்டேன். கோச் மேடம் குனிந்து நோட்டில் எதையோ எழுதினார்.

கேலரியில் என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு கோதண்டம் மாமாவே சொன்னார்.

"எல்லாம் மஞ்ச, இவ மட்டும் வெள்ள. அப்பவே எனுக்குப் புரிஞ்சிபோச்சி. ஆபீசரு."

"யாரையும் கேக்காம உள்ள வருது, பாக்குது, வெளிய போவுது. மறுபடி வருது. நம்ம ஆபீசரும் அப்படித்தான" என்றாராம் இன்னொருவர்.

"ஏன் அடிக்க மாட்டேங்குது?"

"எந்த ஆபீசரு கை வெச்சி வேல செஞ்சி பாத்துருக்க? அடிக்கறதுக்கு ஆள் வெச்சிருக்குது பாரு, அந்த நெட்டப் பொண்ண."

இரண்டாவது செட்டிலிருந்து ஒரு மாற்றம். நான் உள்ளே வரும்போதெல்லாம் கேலரியில் ஒரு வரிசை முழுக்க எழுந்து நின்றது. நான் வெளியே போனதும் உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. ஒரு லிபரோ ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை உள்ளே வெளியே போவாள் என்பது தெரிந்தவர்களுக்கு, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் அன்று பட்ட பாடு புரியும்.

ஜெயித்தோம். நான் தரையில் விட்டது ஏழு. கோச் மேடம் அதையும் எழுதிவிட்டு நோட்டை மூடினார்.

குழாயடி

வெளியே வேப்பமரத்தடியில் டிபன் கேரியர் திறந்திருந்தது. அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும். அணி முழுக்க உட்கார்ந்துவிட்டது. ஸ்டெல்லா மூன்றாவது தட்டில் இருந்தாள்.

கோதண்டம் மாமா ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, கேப்டன்னு பெருசா போடு. வெள்ளச் சட்டைல போட்டோ எடுத்துகினு இருக்கோம், அனுப்பறேன். இந்த வாட்டி ஒடம்பும் அதோடதே போடு."

என் தலை இருக்கிற இரண்டாவது ஆட்டுக்கொட்டகை கண் முன்னால் தெரிந்தது.

"அப்பா, கொஞ்சம் வாங்க" என்று குழாயடிக்குக் கூட்டிப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டன் இல்லை என்றேன். வெள்ளை என்பது ஆபீசர் இல்லை என்றேன். சீட் பர்மனென்ட் இல்லை, இன்று ஆடியதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் வைத்துக்கொள்வார்களா என்பதே தெரியும் என்றேன். இங்கே நான் குட்டை, அதனால் அடிக்க விடமாட்டார்கள் என்றேன். பேசும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்துச் சொன்னேன்.

அப்பா ஏற்கெனவே கழுவியிருந்த கையை மறுபடி கழுவினார்.

"அந்த ஆறு?" என்றார்.

"ஸ்டெல்லா அடிச்சதுப்பா."

"ஒம்போது?"

"அதும் ஸ்டெல்லா."

"பதினொன்னு?"

"ஸ்டெல்லாதாம்ப்பா."

"யாரு அது?"

மரத்தடியைக் காட்டினேன். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா அடிக்குது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் துண்டைக் கொடுத்தார். அதில் கரி வாசனை அடித்தது. திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

"வேன்ல ஒவ்வொரு வாட்டியும் நாந்தான் கத்திச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அது என்னைச் சுட்டது. இன்றைக்கும் நினைத்தால் சுடுகிறது.

பிறகு கேட்டார். "அப்ப உனுக்கு என்னாதான் வேல அதுல?"

"பந்து கீழ வுழாம எடுக்கணும்ப்பா. வுழறதுக்கு முன்னாடி."

அப்பா துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் வுழுந்தப்புறம் எடுக்கறேன். நீ வுழறதுக்கு முன்ன எடுக்கற" என்றார். "ஒரு படி மேலதான்."

மரத்தடிக்குப் போய் கோதண்டம் மாமாவின் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தார்.

"கேப்டன் இல்லப்பா அது. ஃப்ளெக்ஸ் வேணாம்."

"அப்ப வெள்ளச் சட்ட?"

அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சேஃப்டி" என்றார்.

பதினோரு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சுரங்கத்தில் சேஃப்டி என்றால், ஆபத்து என்று சொல்லி ஓடுகிற பெல்ட்டையே நிறுத்த வைக்கக்கூடிய ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். "சேஃப்டின்னா ஆபீசரே பயப்படுவானே" என்றார் கோதண்டம் மாமா. எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

எத்தனை விழுந்தது

அந்த வருடம் தப்பித்தேன். "ஏழு ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார் கோச் மேடம். அடுத்த வருடத்துக்கான பட்டியலில் என் பெயர் கடைசியில் இருந்தது. அப்பாவுக்குப் போன் செய்து, ஒரு வருடத்துக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"ரினீவல் ஆயிடுச்சின்னு சொல்லு" என்றார். அவருக்கு ஆண்டாண்டாகத் தெரிந்த விஷயம்தானே.

அடுத்த போட்டி சேலத்தில். மாலையில் போன் வந்தது. பின்னால் வேன் இரைச்சல். நான் எடுத்ததும் அவர் உடனே பேசவில்லை. புதுக் கேள்வியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"பாப்பா, எத்தினி வுழுந்துச்சி?"

"நாலுப்பா" என்றேன். ஒரு வருடத்தில் அந்த வேனுக்கு நான் சொன்ன முதல் உண்மை.

"நாலா" என்றார். முன்பு போல வேனைப் பார்த்துக் கத்தாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சரி, சாப்ட்டு தூங்கு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் அம்மா பேசினாள். ரேஷன், தண்ணீர், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "நேத்து ரெண்டே ரெண்டுதான் வுட்டியாமே, கோதண்டம் பொஞ்சாதி சொல்லிகினு இருந்தா" என்றாள்.

"ரெண்டு இல்லம்மா, நாலு. அப்பாகிட்ட நாலுன்னுதான் சொன்னேன்."

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பில் எதையோ கிளறுகிற சத்தம் கேட்டது.

"பத்தொம்போது வருசமா அடுத்த லிஸ்டுன்னு சொன்ன மனுசன். ரெண்டுதான கொறச்சிருக்காரு, வுடு" என்றாள்.